கோமாளிகளின் கும்மாளமும் நாம் எழுதாத சிரிப்பும்

ஈழத்து முஸ்லிம்களின் கலை இலக்கிய வரலாற்றை எழுதுகிறவர்கள் கிஸ்ஸா, மஸ்அலா, படைப்போர், நாட்டார் கவி என்று தொடங்குவார்கள். பிறகு சிறுகதைக்கும் நாவலுக்கும் வந்து, தொண்ணூறுகளின் துயரக் கவிதைகளோடு நிறுத்துவார்கள். நாம் தொழுததும் அழுததும் அந்த வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. நாம் சிரித்தது பதிவாகவில்லை. அதிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்த நகைச்சுவைத் தொடர்களை இலக்கியம் பேசுகிறவர்கள் பொருட்படுத்துவதேயில்லை. அவை பொழுதுபோக்கு, அவ்வளவுதான் என்று தள்ளிவிடுகிறோம்.

உலகில் பல இடங்களில், மேடையில் பேசினால் அடிதடியாகக்கூடிய விடயங்களை வாரம் அரைமணி நேரம் ஓடும் நகைச்சுவைத் தொடர்கள்தான் வீட்டு விறாந்தைக்குள் கொண்டுவந்திருக்கின்றன. இனப்பகை, பெண்ணின் உரிமை, மதத்தின் பெயரால் நடப்பவை, போர்க்காலத் துரோகம் எல்லாமே அதில் அடங்கும். நம் நாட்டில் அப்படியொன்று நடந்ததா? நடந்தது என்றால் எங்கே நின்றுபோனது? கல்குடாத் தொகுதியில், ஒரே வீதியின் இரு பக்கமும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர்களுக்கு நடுவே பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி அல்ல.

இலங்கைத் தமிழ் வானொலிக்கு நகைச்சுவைத் தொடர் புதிதல்ல. 'சானா' என்று அறியப்பட்ட சண்முகநாதன் வானொலி நாடகத் துறையில் இருந்த காலத்திலேயே 'லண்டன் கந்தையா', 'விதானையார் வீட்டில்' போன்றவை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை நாடெங்கும் கேட்கவைத்தன. ஆயினும் அவை ஓர் ஊரின் சிரிப்பு. எழுபதுகளில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் வந்த 'கோமாளிகளின் கும்மாளம்' வேறு வகையானது. அதன் கதை வசனத்தை எழுதிய எஸ். ராம்தாஸ் முஸ்லிம் பேச்சுவழக்கு பேசும் மரிக்காராக வந்தார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியானார். எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் உபாலியாகப் பேசினார். பி. எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழ் பேசும் ஐயரானார். தொடருக்குக் கிடைத்த வரவேற்பினால் 1976இல் எஸ். இராமநாதனின் இயக்கத்தில் 'கோமாளிகள்' திரைப்படம் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் படங்களில் மக்கள் திரண்டுபோய்ப் பார்த்தவற்றுள் அது ஒன்று. அந்தக் கலைஞர்கள் பிற்காலத்தில் மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரப் பெயராலேயே அழைக்கப்பட்டார்கள்.

இந்த நால்வரின் பங்கீட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முஸ்லிமாகப் பேசியவர் முஸ்லிமல்ல. ஐயராகப் பேசியவர் முஸ்லிம். சிங்களவராகப் பேசியவர் தமிழர். ஒருவர் மற்றவரின் நாக்கைக் கடன் வாங்கினார். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்றார்கள். மரிக்காரைப் பார்த்துச் சிரித்தவன், அடுத்த நிமிடம் அப்புக்குட்டியைப் பார்த்தும் சிரிக்க வேண்டியிருந்தது. யாரும் நிரந்தரமாகச் சிரிக்கிறவரும் இல்லை, நிரந்தரமாகச் சிரிக்கப்படுகிறவரும் இல்லை.

உபாலியின் பாத்திரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் தமிழ் பேசும் மக்கள் கச்சேரியிலும் பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் உடைந்த சிங்களம் பேசித் தலைகுனிந்து நின்ற காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு 'சிங்களவர்' உடைந்த தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்தார். நாட்டில் இருந்த ஏற்பாட்டை வானொலி அரைமணி நேரத்துக்குத் தலைகீழாக்கியது. அதுவும் பகையில்லாமல் ஆக்கியது. உபாலி நல்லவர், நம்மில் ஒருவர். எந்த அரசியல் மேடையும் அன்று அப்படியொரு சிங்களவரைத் தமிழ் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

இத்தனை சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். என் வாப்பா அந்தத் தொடரைத் தவறாமல் கேட்டவர். மரிக்கார் பேசுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "இது கொழும்பு ஆக்கள்ர கத" என்பாராம். கிழக்கிலங்கை முஸ்லிமின் தமிழ் கொழும்பு முஸ்லிமின் தமிழல்ல. மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். அந்தத் தமிழைத்தான் 'மறுகா', 'கிறுகி' என்ற சொற்களோடு ஓட்டமாவடியிலும் பேசுகிறோம், பக்கத்து வாழைச்சேனையிலும் பேசுகிறார்கள். தாய்வழிக் குடிமுறையும் இரு சாராருக்கும் பொதுவாக இருந்துவந்தது. வயலும் ஆறும் களப்பும் மீன்வாடியும்தான் இங்குள்ள முஸ்லிமின் வாழ்க்கை. தமிழ் நகைச்சுவையோ முஸ்லிம் என்றால் கொழும்புக் கடைக்காரர் என்றே பழகிப்போயிருந்தது. மரிக்கார் பிரபலமான அளவுக்கு, கல்குடாவின் முஸ்லிம் விவசாயி கண்ணுக்குத் தெரியாதவரானார்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கும்மாளத்தின் சிரிப்புப் பெரும்பாலும் நாக்கின்மேல் பிறந்தது. உச்சரிப்பும் சொல்லும் குழம்பிய இடத்தில் பிறந்த சிரிப்பு அது. நால்வரும் ஒருவரையொருவர் எப்படிப் பேசுகிறோம் என்று அறிந்துகொண்டார்கள். எதைப் பற்றிப் பேசாமல் விடுகிறோம் என்பது அப்படியே கிடந்தது. காணி, பல்கலைக்கழக அனுமதி, வேலைவாய்ப்பு, ஊர் எல்லை எல்லாம் அந்த எழுபதுகளில்தான் முற்றிக்கொண்டிருந்தன. அவற்றைத் தாங்கும் வலு அந்த வடிவத்துக்கு இருந்தது. அடுத்த படிக்குப் போக அவகாசந்தான் இல்லாமற்போனது. 1983 ஜூலை வந்தது. 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் படுகொலைகள் நடந்தன. அதே ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எவன் எந்த வழக்கில் பேசுகிறான் என்பது அதன் பிறகு சோதனைச் சாவடியில் கேட்கப்படும் கேள்வியானது. சிரிக்கவைத்த அதே நாக்கு ஆளை அடையாளம் காட்டிக் கொடுக்கும் நாக்காயிற்று.

இதற்கிடையில் தொலைக்காட்சி வந்துவிட்டது. 1979 ஏப்ரலில் ஐ.ரி.என்., 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. நகைச்சுவைத் தொடரின் இலக்கணம் எளிமையானது. ஓர் இடம் மாறாமல் இருக்கும். சில மனிதர்கள் மாறாமல் இருப்பார்கள். வாரத்துக்கு ஒரு சிக்கல் வாசலால் உள்ளே வரும். முடிவில் சிக்கல் போய்விடும், மனிதர்கள் இருப்பார்கள். இந்த மாறாத்தன்மையே அதன் பலம். பார்க்கிறவர் அந்த மனிதர்களை வருடக்கணக்கில் நம்பிப் பழகிவிடுவதால், வேறெங்கும் காதுகொடுக்காத விடயத்தையும் அவர்கள் வாயால் கேட்கச் சம்மதிப்பார்.

இதைச் சிங்களத் தொலைக்காட்சி சரியாகப் பிடித்துக்கொண்டது. 1987 ஏப்ரலில் ஐ.ரி.என்.இல் தொடங்கிய 'கோப்பிக்கடே' ஒரு கிராமத்துக் கோப்பிக் கடையை வைத்து முப்பது வருடங்களுக்கும் மேல் ஓடியது. அது தொடங்கிய காலம் தென்னிலங்கை இரத்தத்தில் மூழ்கிய காலம். ஐ.ரி.என். நிறுவனத்தை நடத்திய மூத்த ஒலிபரப்பாளர் தேவிஸ் குருகேயே 1989இல் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆனாலும் கடை திறந்தே இருந்தது. விலைவாசி, குடி, கிராமசேவகரின் அலட்சியம், தேர்தல் வாக்குறுதி எல்லாமே அந்த வாங்கில் உட்கார்ந்து அலசப்பட்டன. ஆசிரியர் கலாசாலை விடுதியில் அரைகுறைச் சிங்களத்தோடு நான் அதைப் பார்த்திருக்கிறேன். பாதி வசனம் புரியாத போதும், தங்கள் ஊரைத் தாங்களே பார்த்துச் சிரிக்கிற மனிதர்களின் நிம்மதி புரிந்தது. தமிழுக்கு 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று அலைவரிசைகள் வந்தன. இந்தியத் தொடர்கள் வந்து குவிந்தன. கோப்பிக்கடேபோல நம் ஊரில் வேர்விட்டு நிலைத்த ஒரு தமிழ்த் தொடர் நமக்கு வாய்க்கவில்லை.

வெளியுலகில் இந்த வடிவம் எவ்வளவு தூரம் போயிற்று, எங்கே சறுக்கியது என்பதைப் பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும். பிரித்தானியாவின் பிபிசியில் 1966 முதல் ஜொனி ஸ்பெயிட் எழுதிய தொடரில் அல்ஃப் கார்னெட் என்றொரு பாத்திரம் இருந்தது. கறுப்பரையும் குடியேறிகளையும் யூதரையும் வாய்க்கு வந்தபடி ஏசும் இலண்டன் தொழிலாளி அவன். அந்த மடமையைப் பார்த்து மக்கள் நாணவேண்டும் என்பதே எழுதியவரின் நோக்கம். அல்ஃப்பாக நடித்த வோரன் மிச்செல் தாமே ஒரு யூதர். இதைத் தழுவி அமெரிக்காவில் நோர்மன் லியர் 1971 ஜனவரியில் 'ஆல் இன் த ஃபெமிலி'யைத் தொடங்கினார். ஆர்ச்சி பங்கர் என்ற இனவாதத் தகப்பன், அவனோடு மல்லுக்கட்டும் மருமகன், வியட்நாம் போர், கறுப்பின அயலவர் என்று அது 1979வரை ஓடியது. லியரின் இன்னொரு தொடரான 'மோட்', 1972இல் நடுவயதுப் பெண்ணொருத்தி கருவைக் கலைப்பதா இல்லையா என்று தவிப்பதைக் காட்டியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்புச் சொன்னது 1973இல்தான். அந்த அங்கத்தை ஒளிபரப்ப மறுத்த உள்ளூர் நிலையங்களும் இருந்தன.

இவற்றையெல்லாம் வெற்றிக் கதையாகவே சொல்லி முடித்துவிடலாம். ஆனால் 1974இல் நீல் விட்மார், மில்டன் ரொக்கீச் என்ற இரு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு நம்மை நிறுத்துகிறது. அமெரிக்க, கனடியப் பார்வையாளர்களிடம் அவர்கள் கேட்டறிந்தது இது: இனத்துவேசம் குறைந்தவர்கள் ஆர்ச்சியைக் கேலிக்குரியவனாகக் கண்டார்கள். துவேசம் கூடியவர்கள் ஆர்ச்சியை மெச்சினார்கள், கடைசியில் வெல்பவன் அவனே என்றார்கள். ஒரே காட்சி, ஒரே சிரிப்பு, இரண்டு அர்த்தம். எழுதியவரின் நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1977இல் பிரித்தானியாவில் வந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' இன்னும் எளிதாகச் சறுக்கியது. ஆங்கிலம் படிக்க வந்த பல நாட்டவரின் வகுப்பறை அது. பாகிஸ்தானிய அலியும் சீக்கிய ரஞ்சித்தும் எந்நேரமும் முட்டிக்கொள்வார்கள். ஆசிய நாடுகளில் அதை விரும்பிப் பார்த்தார்கள். ஆனால் இனங்களை அச்சில் வார்த்த பொம்மைகளாக்குகிறது என்ற கண்டனத்தின் நடுவே 1979இல் நிறுத்தப்பட்டது. நம் கோமாளிகளும் நாக்கால் சிரிக்கவைத்தவர்கள்தான். என்ன வேறுபாடு? இந்த வகுப்பறையில் வெளிநாட்டார் அனைவரும் ஒரு ஆங்கில ஆசிரியரின் முன்னால் தவறாகப் பேசினார்கள். சரியாகப் பேசுகிறவர் ஒருவரே. கும்மாளத்தில் 'சரியான தமிழ்' என்று ஒரு நாற்காலி போடப்படவில்லை. நான்கு வழக்குகளும் ஒரே பாயில் இருந்தன.

முஸ்லிம் நாடுகளிலிருந்தும் உதாரணம் உண்டு. பங்களாதேஷ் தொலைக்காட்சியில் 1988-89 காலத்தில் ஹுமாயூன் அகமதின் 'பஹுப்ரீஹி' ஒளிபரப்பானது. ஒரு கோணங்கிக் குடும்பத்தின் கதை. அப்போது எர்ஷாத்தின் ஆட்சி. 1971இல் பாகிஸ்தான் படையோடு சேர்ந்து சொந்த மக்களைக் கொன்றவர்களைக் குறிக்கும் 'ரசாக்கார்' என்ற சொல்லை அரச தொலைக்காட்சியில் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஹுமாயூன் அந்தச் சொல்லை ஒரு கிளிக்குச் சொல்லிக்கொடுத்தார். மனிதன் சொன்னால் குற்றமாகக்கூடியதைக் கிளி சொன்னது, நாடு சிரித்தது. அவருடைய தகப்பனார் அந்த 1971இல் பாகிஸ்தான் படையால் கொல்லப்பட்டவர் என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்தச் சிரிப்பின் கனம் தெரியும்.

கனடாவில் 2007 ஜனவரியில் தொடங்கி 2012வரை ஓடிய 'லிட்டில் மொஸ்க் ஒன் த ப்ரெய்ரி'யை உருவாக்கியவர் ஸர்கா நவாஸ் என்ற முஸ்லிம் பெண். சிற்றூரொன்றில் கிறிஸ்தவ ஆலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் பள்ளிவாசல்தான் கதைக்களம். 2001 செப்டம்பருக்குப் பின் முஸ்லிமைக் கண்டு மிரளும் அயலவனையும் அவர் விடவில்லை. பள்ளிவாசலில் பெண்களை மறைக்கத் தடுப்பு வேண்டுமா என்று தமக்குள் மோதும் ஜமாஅத்தையும் விடவில்லை. கும்மாளம் தொடாமல் விட்ட இடத்தை, அதாவது நாக்கைத் தாண்டிய சிக்கலை, இந்தத் தொடர் தொட்டது. எழுதியவர் அந்தப் பள்ளிவாசலுக்குள் தொழுதவர் என்பதே அதற்கு வழி திறந்தது.

நம்மிடையே இதற்கு எழும் முதல் மறுப்பு மார்க்கத்தின் பெயரால் வரும். சூரா ஹுஜுராத்தின் பதினோராவது வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது. இந்த வசனம் சிரிப்பையே தடுக்கிறது என்று நான் வாசிக்கவில்லை. மற்றவனைத் தாழ்த்தும் சிரிப்பைத் தடுக்கிறது. ஆர்ச்சி பங்கரை மெச்சியவர்களின் சிரிப்பு அந்த வகை. வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் எழுதிய நாவலில், உப்பாப்பாவுக்கு ஒரு யானை இருந்தது என்று பெருமையடிக்கும் உம்மாவின் அந்த யானை கடைசியில் குழியானைப் பூச்சியாகிப் போகிறது. பழம்பெருமையில் தூங்கும் நம் சமூகத்துக்கு எந்தக் கண்டனக் கட்டுரையும் செய்யாததை அந்தப் பூச்சி செய்தது. பஷீர் வெளியே நின்று கல்லெறியவில்லை. அந்த வீட்டுக்குள் இருந்தே சிரித்தார்.

இரண்டாவது மறுப்புத்தான் கடினமானது. "ஏற்கெனவே நம்மை எல்லோரும் ஏசுகிறார்கள், நாமே நம் குறையைக் காட்டிக் கொடுப்பதா?" 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் நம் கடைகள் புறக்கணிக்கப்பட்டதையும், பெருந்தொற்றுக் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதையும், பின்னர் 2021இல் எங்கள் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நாடெங்குமிருந்து வந்த ஜனாஸாக்கள் அடக்கப்பட்டதையும் கண்ட மனிதர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் பேசாமல் இருந்ததால் ஏச்சுக் குறையவில்லை. நம்மைப் பற்றிய கதையை மற்றவர்கள் சொன்னார்கள், அவ்வளவே.

எதைப் பார்த்துச் சிரிப்பது, எதைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். மூதூர் றிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் பிள்ளையை வைத்து எவரும் சிரிக்க முடியாது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப்போட்டு விமானம் ஏற்றும் தரகனை, அவனோடு சேர்ந்து தேநீர் குடிக்கும் ஊர்ப் பிரமுகனைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரிக்கவும் வேண்டும். 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. ஒன்பது வருடங்கள் கழித்தும் உறுப்பினர் இரு அணியாகப் பிரிந்தே நின்றார்கள். தன் திருமணப் பதிவில் கையொப்பமிட இடம் கேட்கும் மணமகளை வைத்து ஓர் அங்கம் எழுதினால், அந்த ஒன்பது வருட விவாதம் ஒரு விறாந்தையில் அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். சீதன வீடு கட்டியே கடனாளியாகும் கிழக்கு முஸ்லிம் தகப்பன், ஒரே வேலியை இரண்டு பிரதேச செயலகங்களுக்கும் சொந்தமாக்கும் வரைபடம், ஒரே களப்பில் வலைவீசி இரண்டு சங்கத்தில் சண்டைபிடிக்கும் மீனவர் என்று நம் தொகுதியில் மாத்திரம் நூறு அங்கத்துக்கு விடயம் கிடக்கிறது.

மேலே கண்ட கதைகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். யார்மீது சிரிப்பு விழுகிறதோ அவரும் எழுதும் மேசையில் இருக்க வேண்டும். சிரிப்பு மேலே இருப்பவன்மீது விழ வேண்டும், கீழே கிடப்பவன்மீது அல்ல. எல்லாருடைய முறையும் வர வேண்டும். கோமாளிகள் முதலாவதையும் மூன்றாவதையும் அறுபது வீதம் செய்து காட்டினார்கள். நாம் செய்ய வேண்டியது அந்த வடிவத்தை நாக்கிலிருந்து வாழ்க்கைக்கு இறக்குவது.

தொலைக்காட்சிக்காரர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வருடந்தோறும் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்குகிறோம். சேரனும் சோழனும் அட்டைக் கிரீடத்தோடு வந்து போகிறார்கள். ஒரு வருடமாவது வாழைச்சேனைப் பிள்ளைகளும் ஓட்டமாவடிப் பிள்ளைகளும் சேர்ந்து, ஒரு தேநீர்க் கடையை மேடையில் வைத்து, தாங்களே வசனம் எழுதட்டும். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் முதலாளியாகவும் முஸ்லிம் பிள்ளை கோயில் வண்ணக்கராகவும் நடிக்கட்டும். பயிற்சிக்காக அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டிவரும். மற்றவர் எப்படிப் பேசுகிறார், வீட்டில் எதற்குக் கவலைப்படுகிறார் என்று கவனிக்க வேண்டிவரும். நாடகம் பரிசு பெறாவிட்டாலும், அந்தப் போக்குவரத்து இந்த வீதிக்கு மிகவும் தேவைப்படுகிறது. எங்கள் பாடசாலையில் அடுத்த தவணைக்கு அப்படியொரு பிரதியைத் தொடங்க எண்ணியிருக்கிறேன். மற்றப் பக்கத்திலும் யாராவது ஓர் ஆசிரியர் இதை வாசித்தால், பிள்ளைகளோடு வரட்டும். தேநீர் எங்கள் செலவு.